பிறந்தநாள் போஸ்டரில் விழுந்த தூசு

கணினிப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் யார் என்னைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, “மேடம், நீங்க ஹேக்கரை நேர்ல பார்த்திருக்கீங்களா?” என்றுதான். பார்த்ததில்லை. நான் நேரில் பார்த்தது கடவுச்சொல்லை எழுதி மானிட்டரில் ஒட்டியவர்களை. ஒட்டக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டபிறகு அதையே கீபோர்டுக்கு அடியில் ஒட்டியவர்களையும் பார்த்தேன். ஆகவே உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஹேக்கர் கதை கிடையாது. பிறந்தநாள் போஸ்டர் கதை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பையனின் வேலை சாயங்காலத்துக்குள் போக இருந்தது, அதைப் போகவைக்கும் காகிதத்தில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்போது நான் செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். மற்ற நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் இடம். நான் அங்கே தகவல் பாதுகாப்புத் துறையின் தலைவி. துறையில் வேறு யாரும் கிடையாது. அதனால் தலைவியாக இருப்பதில் பெரிய சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

மனிதவளத் துறைக்கு சுனந்தா காரு தலைமை. காரு என்பது தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது. கெட்டிக்காரி, நல்ல மனுஷி, ஆனால் போஸ்டர் பைத்தியம். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அவரே தன் கணினியில் உட்கார்ந்து போஸ்டர் செய்வார். அதற்கென்று ஒரு வலைத்தளம் உண்டு. பிரவுசரில் அதைத் திறந்து போட்டோவைப் போட்டால், சுற்றிலும் ரோஜாப்பூ, பலூன், கேக் எல்லாம் வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் போஸ்டர் தயார். அது கேண்டீன் டிவியில் அந்த மாதம் முழுக்க ஓடும். அலுவலக வாட்ஸப் குழுவுக்கும் போகும். பிறந்தநாள்காரர் அதைத் தன் குடும்பக் குழு, அபார்ட்மெண்ட் குழு, பள்ளித் தோழர் குழு என்று எல்லாவற்றிலும் போட்டு, வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருப்பார். எங்கள் நிறுவனத்தில் சம்பள உயர்வு தாமதமாகலாம், போஸ்டர் தாமதமானதில்லை.

ஒருநாள் காலையில் ஸ்டெல்லா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரி, மென்பொருளைச் சோதிக்கும் குழுவின் தலைவி. ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நீண்ட விடுப்பு எடுத்து, அப்போதுதான் திரும்பி வந்திருந்தாள்.

“அக்கா, ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும். இந்த ஆபீஸ்ல ஒரு விசயத்த மூடி வைக்கவே முடியாதோ?”

“என்ன ஆச்சு, சொல்லு.”

“காலையில இருந்து மூணு பேரு எனக்கு மாதுளம்பழ ஜூஸ் கொண்டாந்து குடுத்துட்டாவ. ஒருத்தி வந்து, எங்க பெரியம்மாக்கும் இதான் வந்துது, இப்ப நல்லா இருக்காவன்னு சொல்லுதா. நான் ஆருட்டயும் சொல்லலியேக்கா!”

அவள் ஊருக்குப் போகவில்லை. மார்பில் கட்டி என்று இங்கேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தாள். அடுத்து மருந்து ஏற்ற வேண்டும். வீட்டில் கணவருக்கு மட்டும் தெரியும். பையன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், அவனுக்குச் சொல்லவில்லை. அலுவலகத்தில் காப்பீட்டுப் பணத்துக்காக சுனந்தாவிடம் மட்டும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கொடுத்திருந்தாள்.

“பரீட்சை முடியட்டும், நானே அவன உக்கார வச்சு சொல்லணும்னு இருந்தேன். இப்ப ஊருக்கே தெரிஞ்சிட்டு. வெளிய யாரு வாயிலயாவது இருந்து அவன் கேட்டான்னா…” என்று சொல்லி நிறுத்தினாள். அழவில்லை.

நான் எழுந்து சுனந்தாவிடம் போவதற்குள், டைரக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவர் அறையில் சுனந்தா ஏற்கெனவே இருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஸ்டெல்லா என்னிடம் வருவதற்கு முன்பே அவரிடமும் போய்ச் சத்தம் போட்டிருந்தாள். சுனந்தா யாரிடமும் சொல்லவில்லை என்று தன் மகள் மேல் சத்தியம் செய்தார். நான் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் சத்தியமல்ல. விஷயம் வெளியே போனதும் ஒருவர் இப்படி வெளுத்துப்போனால் அவர் சொல்லியிருக்க மாட்டார். சொன்னவர்கள் ரொம்ப நிதானமாக இருப்பார்கள்.

“அப்படியானால் சரவணன்தான்” என்றார் டைரக்டர். அவர்கள் பேசியது தெலுங்கும் ஆங்கிலமும். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். “முந்தாநாள் அவன் சுனந்தாவின் கணினிக்குள் தன் இடத்தில் இருந்தபடியே நுழைந்திருக்கிறான். பதிவு இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த ரிப்போர்ட் திரையில் திறந்திருந்தது. சாயங்காலத்துக்குள் நீங்கள் அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள். இன்றே அனுப்பிவிடலாம்.”

அறிக்கையும் தயாராக இருந்தது. வாங்கிப் படித்தேன். அவன் நுழைந்தது உண்மை. ரிப்போர்ட் திறந்திருந்தது உண்மை. அதன்பிறகு விஷயம் வெளியே வந்ததும் உண்மை. ஒரு வரிகூடப் பொய்யில்லை. பிள்ளைகளே, இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பொய் எழுதிய அறிக்கையை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். உண்மைகளை வரிசையாக அடுக்கிவைத்த அறிக்கையைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். அந்த மாதிரி நேரத்தில் பேனாவை மூடி பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

சரவணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபிச்செட்டிப்பாளையத்துப் பையன். கணினி பழுதென்று யார் டிக்கெட் போட்டாலும், அதாவது புகார் பதிவு செய்தாலும், அவன்தான் பார்ப்பான். எல்லாப் புகாருக்கும் அவனிடம் ஒரே வைத்தியம், ரீஸ்டார்ட். ஒருமுறை ஏசி வேலை செய்யவில்லை என்று சொன்னதற்கும் அதையே சொன்னான். எனக்கு அவனை அவ்வளவாகப் பிடிக்காது. அவன் மனைவி தலைப்பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள், நாள் நெருங்கிவிட்டது. பிரசவச் செலவு நிறுவனக் காப்பீட்டில்தான். இன்று அவனை அனுப்பினால் இன்றோடு காப்பீடும் போய்விடும். போகும்போது கொடுக்கும் கடிதத்தில் தகவல் திருட்டு என்று எழுதிவிட்டால், இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் அவனை வாசல் தாண்ட விடாது.

அவனைக் கூப்பிட்டு, “முந்தாநாள் சுனந்தா மேடம் சிஸ்டத்துக்குள்ள எதுக்குப் போனே?” என்று கேட்டேன்.

“அவிங்கதானுங்க டிக்கெட் போட்டிருந்தாங்க மேடம்.”

“என்ன டிக்கெட்?”

“போஸ்டர்ல தூசு விழுகுதுன்னுங்க.”

“தூசா?”

“அப்படித்தானுங்க எழுதியிருந்தாங்க. போஸ்டருக்குக் கீழ கலர் கலராத் தூசாட்டம் வருதாமா. நானும் உள்ள போயி, என்ற போட்டோவப் போட்டு ஒரு போஸ்டர் பண்ணிப் பாத்தனுங்க. பளிச்சுன்னு வந்துச்சு. ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு டிக்கெட்ட மூடிட்டேனுங்க.”

“அங்க ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் திறந்திருந்துச்சாமே?”

“எனக்கென்னுங்க தெரியும்? நான் போஸ்டரத்தானுங்க பாத்தேன். ஏனுங்க மேடம், என்னை அனுப்பிப்போடுவாங்களாங்க?”

எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது? “போய் டீ குடி. யார் கூப்பிட்டாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

தூசு என்ற சொல் என்னை விடவில்லை. வீட்டில் தூசு விழும், மூக்குக் கண்ணாடியில் விழும். ஒரு படத்துக்குள் எங்கிருந்து விழும்? பிரவுசர் தானாக எதையும் வரையாது. அதன் கையில் ஏதாவது இருந்தால்தான் வரும். நேரே கேண்டீனுக்குப் போனேன். சுவர் முழுக்கப் பெரிய டிவி. அந்த மாதத்து போஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. கீழே உப்புமாவுக்கு வரிசை. நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, சாப்பிட வந்தவள்போல வரிசையில் நின்றேன்.

கணக்குப் பிரிவு ராவ் காருவின் போஸ்டர் வந்தது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த போட்டோவை வெட்டிப் போட்டிருந்தார். அவர் தோளில் யாருடையதோ கை ஒன்று மிச்சமிருந்தது. போட்டோவுக்குக் கீழே, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் தூசுதான். வரிசை நகர நகர டிவிக்குப் பக்கத்தில் வந்தேன். தூசு சாய்ந்த எழுத்துகளாக மாறியது. ஆஸ்பத்திரியின் பெயரில் பாதி, ஸ்டெல்லாவின் பெயர், நோயின் பெயர். ராவ் காரு மேலே சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டி டிவியை அணைத்தேன். “டிவி கைக்கு பந்த் கரே, மேடம்?” ஏன் நிறுத்தினீர்கள் என்று வரிசையில் இருந்து ஒருவன் குறைப்பட்டான். “ரிப்பேர்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். பிரவுசர் ஒரு படத்தை வரைவதற்கு முன் கணினியின் நினைவகத்தில் இடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் முன்பு வேறு ஏதாவது இருந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த பிரவுசர் துடைக்கவில்லை. கல்யாணப் பந்தியில், முன்னவர் சாப்பிட்ட இலையை எடுக்காமல் அதிலேயே அடுத்தவருக்குப் பரிமாறினால் எப்படியோ அப்படி. சோறு மூடிய இடத்தில் ஒன்றும் தெரியாது. மூடாத ஓரத்தில் முன்னவர் வைத்த மிச்சம் தெரியும். சுனந்தா பிரவுசரின் ஒரு டேபில், அதாவது ஒரு பக்கத்தில், ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னொரு டேபில் ராவ் காருவுக்கு ரோஜாப்பூ வைத்திருக்கிறார். அந்த ரிப்போர்ட்டின் மிச்சம்தான் போஸ்டரின் ஓரத்தில் வந்திருந்தது.

இது போஸ்டர் செய்யும் வலைத்தளத்தின் கோளாறு இல்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. பிரவுசரின் ஓட்டை. அப்படியானால் எந்த வலைத்தளமும் வேண்டுமென்றே ஒரு வெற்றுப் படத்தை வரையச் சொல்லி, அதில் வந்து விழும் மிச்சத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். வங்கிக் கணக்கு, கடவுச்சொல், எது வேண்டுமானாலும். நாங்கள் அதைக் கேக் படம் போட்டு ஊருக்கெல்லாம் நாங்களாகவே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது பாருங்கள் சிக்கலை. சரவணன் குற்றவாளி இல்லை என்பதற்கு ராவ் காருவின் போஸ்டர்தான் சாட்சி. அதைக் காட்டினால் அவன் தப்பிப்பான். அதைக் காட்டுவது என்றால் ஸ்டெல்லாவின் ரிப்போர்ட்டை இன்னும் நாலு பேருக்குக் காட்டுவது. போதாததற்கு, போஸ்டரில் ரகசியம் கசிகிறது என்று வெளியே தெரிந்துவிட்டால் அலுவலகமே பழைய போஸ்டர்களைத் தோண்டியெடுத்துப் பெரிதாக்கிப் படிக்க உட்கார்ந்துவிடும். யாருடைய சம்பளம், யாருடைய வியாதி எதில் கிடக்கிறதோ. மனிதர்களுக்கு வேறு வேலை இருந்தாலும் இந்த வேலையைத்தான் முதலில் செய்வார்கள்.

நான் முதலில் ஸ்டெல்லாவிடம் போனேன். டைரக்டர்தான் மேலதிகாரி, அவர்தான் காத்திருந்தார். ஆனால் கசிந்தது டைரக்டரின் உடம்பு இல்லையே. மாடிப்படியில் அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

“ராவ் காரு போஸ்டர்லயா? நானும் அதுக்கு ஹேப்பி பர்த்டேன்னு கேக் பொம்ம போட்டேனே.”

“யாரும் வேணும்னு பண்ணலை, ஸ்டெல்லா.”

“அந்தப் பையன வேற புடிச்சு வச்சிருக்காவளாமே. எண்ண குடிச்ச நாய விட்டுட்டு எதுக்க வந்த நாய அடிச்ச கதையா இருக்கு.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன எப்பிடியாச்சும் காப்பாத்துங்கக்கா, புள்ளத்தாச்சிப் பொண்டாட்டி இருக்கா. ஆனா அத மட்டும் ஆருக்கும் காட்டிராதிய.”

“ஹவ், காட்டமாட்டேன்” என்றேன். எங்கள் குடும்பம் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறை. ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அதுவும் நெஞ்சிலிருந்து சொல்லும்போது, வாயில் ஹவ்தான் வரும். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்குத் தெரியாது.

டைரக்டரின் அறையில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இயல்பான கேள்வி. “அந்த போஸ்டரைக் காட்டுங்கள்.”

“காட்டமாட்டேன், சார்.”

“நான் இந்த நிறுவனத்தின் டைரக்டர்.”

“அதனால்தான் காட்டமாட்டேன். பார்த்துவிட்டால் நீங்களும் படித்தவர்களில் ஒருவராகிவிடுவீர்கள்.”

“பார்க்காமல் எப்படி நம்புவது?” அறிக்கையை என் பக்கம் நகர்த்தினார். “மேடம், நேரமாகிறது.”

சுனந்தாவுக்கும் என் மேல் கோபம். தன் கணினியிலிருந்து, தான் ஆசையாகச் செய்த போஸ்டர் வழியாகத்தான் விஷயம் போனது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? “ரோஜாப்பூவில் எப்படி ரிப்போர்ட் வரும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

சரி, உங்கள் கணினியிலேயே செய்து காட்டுகிறேன் என்றேன். மூவரும் சுனந்தாவின் மேசைக்குப் போனோம். முதலில் அவருடைய எல்லா டேபையும் மூடச் சொல்லி, கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். சரவணனின் வைத்தியம் அன்று பயன்பட்டது. பழைய மிச்சம் ஒன்றும் இல்லாமல் நான் வைப்பது மட்டும்தான் நினைவகத்தில் இருக்க வேண்டும். வைப்பது யாருடைய ரகசியமாகவும் இருக்கக்கூடாது. வெளியே விழுந்தால் யாருக்கும் வலிக்கக்கூடாது. அதே நேரம் அது அந்தக் கணினியில் முன்பே இருந்ததில்லை என்று யாரும் சந்தேகமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். சுனந்தாவின் கணினியில் தமிழ் எழுத்து இருக்க வாய்ப்பே இல்லை. பெரிய எழுத்தில் ‘பூசணிக்காய்’ என்று பக்கம் முழுக்க எழுதி, அதைப் படமாக்கி, ஒரு டேபில் திறந்து வைத்தேன்.

“என்ன எழுதியிருக்கிறீர்கள்?” என்றார் டைரக்டர்.

“கும்மடிகாயா.”

“ஏன்?”

“சோற்றில் மறைத்து வைக்க முடியாத பொருள் என்று எங்கள் தமிழில் சொல்வார்கள்.”

இன்னொரு டேபில் போஸ்டர் தளத்தைத் திறந்து, என் அடையாள அட்டைப் போட்டோவைப் போட்டு, பொத்தானை அழுத்தினேன். போஸ்டர் வந்தது. ரோஜாப்பூ, பலூன், கேக், நடுவில் சிடுசிடுவென்று நான். தூசு இல்லை. மறுபடி அழுத்தினேன். பளிச்சென்று வந்தது. இன்னொரு முறை. இன்னும் பளிச்சென்று வந்தது.

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சரவணன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். மனைவியிடமிருந்து அழைப்பு வந்திருக்கும், எடுக்காமல் நின்றான் போல.

இந்த மாதிரி நேரத்தில் மூளை ஓடும் திசை ஒன்றே ஒன்றுதான். நான் சொன்னது தவறோ? கேண்டீனில் சரியாகத்தான் படித்தேனா? அந்தத் திசையில் ஓடாதீர்கள். கண்ணால் பார்த்ததைப் பிடித்துக்கொண்டு, இப்போது செய்வதில் எது வேறு என்று மட்டும் பாருங்கள். நான் அப்படித்தான் என் சிடுமூஞ்சியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரவணன் சோதித்தபோதும் பளிச்சென்று வந்தது என்றானே. அவன் போட்டது என்ன போட்டோ? பாஸ்போர்ட் போட்டோவாகத்தான் இருக்கும். நான் போட்டது அடையாள அட்டைப் போட்டோ. இரண்டும் நெட்டையானவை, போஸ்டரில் போட்டோவுக்கென்று இருக்கும் சட்டத்தை முழுக்க நிறைத்துவிடும். ராவ் காருவின் தோளில் இருந்த அந்தக் கை ஞாபகம் வந்தது. கல்யாண போட்டோ அகலமானது. அகலத்துக்குப் பொருத்தி வைத்தால் கீழே காலியிடம் விழும். இலையில் சோறு மூடாத ஓரம் அதுதான்.

நம் மக்கள் யாரும் தனக்கென்று ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வதில்லை. நன்றாக உடுத்திச் சிரிப்பது அடுத்தவர் கல்யாணத்தில்தான். பிறந்தநாளுக்கு போட்டோ கேட்டால் அதிலிருந்துதான் வெட்டிக் கொடுப்பார்கள். சோதித்துப் பார்த்த சரவணனும் நானும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மாதிரி போட்டோ போட்டிருந்தோம்.

“சுனந்தா காரு, உங்களிடம் கல்யாண போட்டோ ஏதாவது இருக்கிறதா? அகலமாக?”

“என் மகள் கல்யாணத்தில் எடுத்தது இருக்கிறது” என்றார். இவ்வளவு கோபத்திலும் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “போன பிறந்தநாளுக்கு அதைத்தான் வெட்டி வைத்தேன். நல்லா வந்திருக்கும்.”

நன்றாகத்தான் வந்திருந்தது. அரக்குப் பட்டுப்புடவை, தங்கக் கரை. அதைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். ரோஜாப்பூ வந்தது, பலூன் வந்தது, கேக் வந்தது. பட்டுக்கரைக்குக் கீழே, சற்று நசுங்கிச் சாய்ந்து, பூசணிக்காய் பூசணிக்காய் பூசணிக்காய் என்று வரிசையாக வந்தது.

டைரக்டர் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, அந்த டேபில் இருந்த எழுத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சுனந்தா தன் புடவைக்குக் கீழே கிடந்த பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அய்யோ ராமா, நான் எத்தனை பேருக்குச் செய்தேன்” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அப்போது போய்விட்டது.

டைரக்டர் அறிக்கையைக் கிழித்தார். நல்ல மனிதர், கிழித்த துண்டுகளைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். “அப்படியானால் டிவியில் அதைப் படித்துப் பரப்பியது யார்?” என்று கேட்டார். உப்புமா வாங்க நின்ற எல்லோரும் என்றேன். அதன்பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

வெளியே போய்ச் சரவணனிடம், “உன் மேல ஒண்ணும் இல்லை. போன் எடு” என்றேன். அவன் எடுத்து, “ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா மீட்டிங்கு” என்றான். குரல் உடைந்தது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

பழைய போஸ்டர்கள் பாக்கி இருந்தன. எங்கள் கணினிகளிலிருந்து அழிப்பது சுலபம். ஊரெல்லாம் இருக்கும் குடும்பக் குழுக்களிலிருந்து எப்படி அழிப்பது? எல்லோரும் உடனே அழிக்கவும் என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்றார் டைரக்டர். “அதெல்லாம் நக்கோ, வேண்டவே வேண்டாம், சார். அழி என்று சொன்னால் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்” என்றேன். சுனந்தாவிடம் ஒரு யோசனை சொன்னேன். கல்யாண போட்டோ கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் அவர் தனித்தனியாகக் கூப்பிட்டு, ‘உங்கள் போஸ்டரில் நீங்கள் கொஞ்சம் குண்டாக விழுந்துவிட்டீர்கள், நல்ல போட்டோ கொடுங்கள், புதிதாகச் செய்து தருகிறேன்’ என்று சொன்னார். அவ்வளவுதான். ராவ் காரு அன்றே தன் போஸ்டரை எல்லாக் குழுவிலிருந்தும் அழித்தார். தன் மச்சினரின் போனை வாங்கி அதிலும் அழித்தார். நான் எத்தனையோ பாதுகாப்புச் சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன், ஒன்றைக்கூட யாரும் இவ்வளவு சிரத்தையாகக் கடைப்பிடித்ததில்லை.

பிரவுசர் செய்த நிறுவனத்துக்கு ஓட்டையைப் பற்றி எழுதினேன். சான்றாகப் பூசணிக்காய் படத்தை, சுனந்தாவின் முகத்தை மறைத்துவிட்டு, அனுப்பினேன். அந்த எழுத்து ஏதாவது சங்கேதமா என்று பதில் கேட்டார்கள். காய்கறி என்று விளக்கினேன். அவர்கள் ஓட்டையை அடைத்து, புதிய பதிப்பை எல்லோருக்கும் அனுப்பும்வரை நாங்கள் மூவரும் ஸ்டெல்லாவும் வாய் திறக்கவில்லை. அதற்குள் சொல்லியிருந்தால் அடைக்கிறவர்களுக்கு முன்னால் திருடுகிறவர்கள் வந்திருப்பார்கள். அந்த இடைவெளியில் பிறந்தநாள் வந்தவர்களுக்கு சுனந்தா சார்ட் காகிதத்தில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொடுத்தார். அவருக்கு வரைய வராது. ஆனால் யாருடைய ரகசியமும் அதில் கசியவில்லை. புதிய பதிப்பு எல்லாக் கணினியிலும் ஏறிய பிறகு, பூசணிக்காய் படத்தை மட்டும் காட்டி, நடந்ததை எல்லோருக்கும் சொன்னேன். ஸ்டெல்லாவின் பேரை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

சரவணனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவனிடம் ஒரு மாற்றம் வந்தது. யாராவது டிக்கெட் போட்டால், மூடுவதற்கு முன் அவர்களுடைய இடத்துக்கே போய் நின்று, “நீங்க எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க” என்பான். உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இதற்குமேல் ஒன்றுமில்லை. நம் போட்டோவைப் போட்டால் எல்லாம் பளிச்சென்றுதான் வரும். புகார் சொன்னவரின் போட்டோவைப் போட்டுப் பாருங்கள்.

பல மாதம் கழித்து ஸ்டெல்லாவுக்குப் பிறந்தநாள் வந்தது. மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டி, அப்போதுதான் பூனைமுடியாக முளைத்திருந்தது. விவரம் தெரியாத சிலர் வேளாங்கண்ணிக்கு மொட்டை போட்டீர்களா என்று கேட்பார்கள், அவளும் ஆமாம் என்பாள். போஸ்டர் வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று நினைத்து சுனந்தா அவளிடம் கேட்கவே இல்லை. அதற்குள் போஸ்டர் செய்யும் வேலை சரவணனுடையது என்று ஆகியிருந்தது. ஸ்டெல்லாவே அவன் மேசைக்கு வந்தாள், நான் அங்கே இருந்தேன்.

“இந்தா தம்பி, நாளைக்கு எனக்குப் பொறந்தநாளு. இதப் போடு.”

வீட்டு வாசலில் நின்று எடுத்த படம். உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை முழு ஆள். தலையில் துணியோ விக்கோ இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள்.

“யார் எடுத்தாங்க ஸ்டெல்லா, நல்லா இருக்கே?” என்றேன்.

“எம்பையன்தான்க்கா. ஆடாத அசையாதன்னு தெலுங்குல ஒரே அதட்டு. பரீட்ச முடிஞ்ச அன்னிக்கே அவன்ட்ட சொல்லிட்டேன். ஒரு நாளு பேசல. அடுத்த நாளு எனக்கு ஜூஸ் போட்டுக் குடுத்தான்.”

சரவணன் அதற்குள் படத்தைப் போட்டிருந்தான். சட்டம் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஸ்டெல்லாதான். ரோஜாப்பூவே ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

“மேடம், இதுல காலியிடமே இல்லீங்களே” என்றான். “பேர எங்கீங்க போடறது?”

“பேரு எதுக்கு?” என்றாள் ஸ்டெல்லா. “என்னத் தெரியாதவுக ஆரு இருக்கா இங்க. சும்மா அப்பிடியே போடு.”

அப்படியே போட்டான். அந்த மாதம் முழுக்க அது கேண்டீன் டிவியில் ஓடியது.